பார்க்கின்சன் நோயோடு வாழ்வதை எதைக் கொண்டு அளப்பது: ஐந்து வழிகளின் ஒப்பீடு

நரம்பியல் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டத் தொடங்கும் முதுநிலை மாணவர்கள், நோயாளர் ஆதரவுக் குழுக்களை நடத்துபவர்கள் எனப் பலரும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்பதில்தான் குழப்பம். நடுக்கம் குறைந்திருக்கிறது, விறைப்பும் தளர்ந்திருக்கிறது, ஆனால் அவர் உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்குப் போவதை நிறுத்திப் பல மாதங்களாகின்றன என்றால், பரிசோதனைத் தாளில் முன்னேற்றமாகவும் வாழ்க்கையில் பின்னடைவாகவும் இருக்கும் அந்த நிலையை எந்த எண் காட்டும்? புழக்கத்தில் உள்ள ஐந்து வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, கிடைக்கும் விடையை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பது. ஒருவருடைய மருந்தை மாற்றுவதற்காகவா, இரண்டு சிகிச்சைக் குழுக்களை ஒப்பிடுவதற்காகவா, ஒரு சிகிச்சைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்று தீர்மானிப்பதற்காகவா, அல்லது அடுத்த சந்திப்பில் மனம்விட்டுப் பேச ஒரு பிடி கிடைப்பதற்காகவா? இந்த நான்குக்கும் ஒரே தாள் பொருந்தாது. எது புகழ்பெற்ற கேள்வித்தாள் என்று தேடித் தொடங்குபவர்கள் இந்தக் கேள்வியைத் தரவு சேர்ந்த பிறகுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, காலம். இந்நோய்க்கான முதன்மை மருந்தான லெவோடோபாவைச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பிறகு பலருக்கு ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளை வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தை ‘ஆன்’ என்றும், பலன் தீர்ந்த நேரத்தை ‘ஆஃப்’ என்றும் மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த ஏற்ற இறக்கத்தால், காலை பத்து மணிக்குத் தாராளமாக நடமாடியவர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் இருக்கலாம். ஆகவே ஒரு கேள்வி ‘இன்று’ என்கிறதா, ‘கடந்த வாரத்தில்’ என்கிறதா, ‘கடந்த மாதத்தில்’ என்கிறதா என்பது சில்லறை விஷயமல்ல. கேள்வித்தாளின் மேல்வரியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தச் சொற்றொடர்தான் விடையின் பாதியைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, பரப்பு. இந்த நோய் கைகால்களோடு நிற்பதில்லை. மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், குரல் அடங்கிப்போவது, நினைவு மங்குவது, முகபாவம் குறைவதால் பிறர் தவறாகப் புரிந்துகொள்வது என அது பரவுகிறது. வாழ்க்கைத் தரத்தைக் குலைப்பதில் நடுக்கத்தை விட மனச்சோர்வுக்கே பெரிய பங்கு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட செய்தி. அசைவுகளை மட்டும் கேட்கும் கருவி இந்தப் பகுதியைத் தொடவே தொடாது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: சிறிய மாற்றத்தையும் அந்த எண் உணருமா, நிரப்புவதற்கு எவ்வளவு நேரமும் தெம்பும் வேண்டும், நோயாளியே விடை தருகிறாரா அல்லது அவருக்காக வேறொருவரா, பயன்படுத்த அனுமதி பெற வேண்டுமா.

## மருத்துவர் தரும் மதிப்பெண்: எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ்

1987 முதல் புழக்கத்தில் இருந்த யுபிடிஆர்எஸ் (ஒருங்கிணைந்த பார்க்கின்சன் நோய் மதிப்பீட்டு அளவுகோல்) அளவீட்டைச் சர்வதேச இயக்கக் கோளாறுகள் சங்கம் திருத்தி 2008இல் வெளியிட்ட வடிவம் இது. நான்கு பகுதிகள் கொண்டது. பரிசோதகர் விரல்களைத் தட்டச் சொல்லியும், நாற்காலியிலிருந்து எழச் சொல்லியும், தோளைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தும் 33 மதிப்பெண்களை இடும் மூன்றாம் பகுதியே பலருக்கும் தெரிந்தது. முழுவதையும் செய்து முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

நோயின் தீவிரத்தை அறிய இதைவிடப் பரவலாக ஏற்கப்பட்ட வழி இல்லை. ஆனால் தீவிரம் வேறு, வாழ்வது வேறு. அறைக்குள் பத்தடி நடப்பதைப் பார்க்கும் பரிசோதகருக்கு, அதே மனிதர் நெரிசலான வாசலில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் உறைந்து நிற்பது தெரியாது. மருந்து எடுத்து ஒரு மணி நேரத்தில் பரிசோதித்தால் ஒரு மதிப்பெண்ணும், எடுக்காமல் வந்த காலையில் பரிசோதித்தால் வேறொரு மதிப்பெண்ணும் கிடைக்கும். எந்த நிலையில் பரிசோதித்தோம் என்று குறிக்காத பதிவு பயனற்றது.

இதிலேயே பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, படுக்கையில் புரண்டு படுப்பது, பொழுதுபோக்கில் ஈடுபடுவது பற்றி நோயாளியே கடந்த ஒரு வாரத்தை நினைத்து விடை தரும் இரண்டாம் பகுதியில் 13 கேள்விகள் உள்ளன. மூன்றாம் பகுதியை ஏற்கெனவே செய்துவரும் மருத்துவமனை, புதிய கேள்வித்தாளைத் தேடுவதற்கு முன் இந்த 13 விடைகளைத் தனியாக எடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த அளவீட்டின் மறைமுகச் செலவு பரிசோதகருக்குத் தரும் பயிற்சியில் இருக்கிறது. இருவர் ஒரே கையைப் பார்த்து வெவ்வேறு மதிப்பெண் இட்டால் ஆண்டுக் கணக்கில் சேர்த்த தரவும் ஆட்டம் கண்டுவிடும்.

## நோய்க்கென்றே எழுதப்பட்ட தாள்: பிடிக்யூ-39, பிடிக்யூ-8

பார்க்கின்சன் நோயாளிகளிடம் விரிவாக உரையாடி, அவர்கள் சொன்னவற்றிலிருந்து கேள்விகளைத் திரட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட 39 கேள்விகள் கொண்ட தாள் பிடிக்யூ-39. கடந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி சிரமப்பட்டீர்கள் என்பதற்கு ஐந்து படிகளில் விடை தர வேண்டும். நடமாட்டத்துக்கு 10 கேள்விகள், அன்றாடப் பணிகளுக்கு 6, மனநலத்துக்கு 6, சமூகத்தில் உணரும் கூச்சத்துக்கு 4, சிந்தனைத் திறனுக்கு 4, சமூக ஆதரவு, பேச்சுத் தொடர்பு, உடல் அசௌகரியம் ஆகியவற்றுக்குத் தலா 3 என எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை; எண் ஏற ஏற நிலைமை மோசம்.

இதன் வலிமை கூச்சத்தைப் பற்றிய கேள்விகளில் இருக்கிறது என்பது என் கருத்து. பிறர் முன்னிலையில் சாப்பிடுவதைத் தவிர்க்கிறீர்களா, நோயை மறைக்க வேண்டியிருக்கிறதே என்று உணர்ந்தீர்களா என்று மருத்துவர் நேருக்கு நேர் கேட்பது அரிது. கேட்டாலும் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்ற பதில்தான் வரும். தாளில் கேட்கும்போது பலர் உண்மையைச் சொல்கிறார்கள்.

பலவீனமும் உண்டு, அது எண்களின் அடுக்கில் ஒளிந்திருக்கிறது. எட்டுப் பிரிவுகளின் சராசரியே மொத்தக் குறியீடு. ஆகவே 10 கேள்விகள் உள்ள நடமாட்டமும் 3 கேள்விகள் உள்ள சமூக ஆதரவும் அதில் சம எடை பெறுகின்றன. நடமாட்டக் கேள்வி ஒன்றில் விடை ஒரு படி மாறினால் பிரிவு மதிப்பு 2.5 புள்ளியும், மொத்தக் குறியீடு ஏறத்தாழ 0.3 புள்ளியும் நகரும். சமூக ஆதரவுக் கேள்வி ஒன்றில் அதே ஒரு படி மாறினால் மொத்தக் குறியீடு ஒரு புள்ளிக்கு மேல் நகரும். துணைவர் தரும் ஆதரவைப் பற்றிய கேள்வியைத் துணைவர் இல்லாதவர்கள் விட்டுவிடலாம் என்பதால், அவர்களுக்கு அந்தப் பிரிவில் இரண்டே கேள்விகள்தான் எஞ்சும். அவற்றில் ஒன்றில் ஒரு படி மாறினாலே மொத்தம் 1.56 புள்ளி நகர்ந்துவிடும். நோயாளிகள் ‘சற்று மோசமாகிவிட்டது’ என்று உணரும் மாற்றத்துக்கு 2001இல் இதே ஆய்வாளர்கள் தந்த மதிப்பு 1.6 புள்ளி. அதாவது, துணையை இழந்த ஒருவர் “எப்போதாவது” என்பதற்குப் பதில் “சில நேரங்களில்” என்று ஒரே ஒரு கட்டத்தை மாற்றிக் குறித்தால், அறிக்கையில் அவருடைய நோயே முற்றியதுபோல் தெரியும். பின்னாளில் வந்த ஓர் ஆய்வு இந்த எல்லையை 4 புள்ளிக்கு மேல் வைத்தது. ஒரு தனி மனிதரைப் பற்றிய முடிவுக்கு அந்த எச்சரிக்கையே பாதுகாப்பானது. எப்படியிருந்தாலும் மொத்தக் குறியீட்டை மட்டும் எழுதி வைக்காமல், எட்டுப் பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

வேறு குறைகளையும் சொல்ல வேண்டும். இரவுத் தூக்கத்துக்கும் தாம்பத்திய வாழ்வுக்கும் இதில் தனி இடமில்லை. நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்கள் சில பிரிவுகளில் 0 என்றே குறிப்பதால், அதற்குப் பிறகு அங்கே முன்னேற்றம் எதுவும் தெரியாது. தாளை நிரப்புவதும் எளிதல்ல. கையெழுத்து சிறுத்துப்போய், விரல் நடுங்கும் ஒருவர் 39 வரிகளில் குறியிடும்போது, சில குறிகள் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுவதும், கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே நெட்டுவரிசையில் குறிக்கப்படுவதும் நேரலாம். கட்டங்களைப் பெரிதாக்கி அச்சிடுவதும், இடையில் ஓய்வு தருவதும் இதைக் கணிசமாகக் குறைக்கும்.

பிரிவுக்கு ஒரு கேள்வி வீதம் எடுத்து 1997இல் உருவாக்கிய பிடிக்யூ-8 சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய குழுவின் சராசரிக்கு அது போதும். ஆனால் ஒரு பிரிவை ஒற்றைக் கேள்வி தாங்குவதால், தனிநபரின் பிரிவுவாரியான ஏற்ற இறக்கத்தை அதிலிருந்து படிக்கக் கூடாது.

## எல்லா நோய்களுக்கும் பொதுவான தாள்: ஈக்யூ-5டி

யூரோக்வால் குழுவினர் 1990இல் அறிமுகப்படுத்திய இந்தத் தாளில் ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு. கூடவே 0 முதல் 100 வரை கோடிட்ட ஓர் அளவுகோல். விடைகளை ஒரு நாட்டு மக்களின் விருப்பங்களிலிருந்து பெற்ற மதிப்புகளைக் கொண்டு ஒற்றை எண்ணாக்கலாம். முழு நலம் 1, மரணம் 0, அதனினும் கொடிதாகக் கருதப்படும் நிலைகளுக்கு எதிர்மறை எண். சிகிச்சைச் செலவை ஆயுள் ஆண்டுகளோடு ஒப்பிடும் பொருளாதாரக் கணக்குகளுக்கு இந்த எண்தான் வேண்டும். இங்கிலாந்தில் புதிய சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் ஈக்யூ-5டியையே விரும்பிக் கேட்கிறது. மூட்டுவலியையும் இதய நோயையும் பார்க்கின்சன் நோயையும் ஒரே தராசில் வைக்க முடிவது இதன் தனிச்சிறப்பு.

விலை என்ன? கேள்விகள் அனைத்தும் ‘இன்று’ என்பதைப் பற்றியவை. சந்திப்புக்காகவே மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தவர் காத்திருப்பு அறையில் நிரப்பினால், அது அவருடைய சிறந்த மணிநேரத்தின் படம். கூச்சம், பேச்சு, நினைவு, தூக்கம் எதுவும் இங்கே இல்லை. பழைய மூன்று படி வடிவத்தில் நடமாட்டத்தின் கடைசிப் படி ‘படுக்கையோடு இருக்கிறேன்’ என்பது. அதனால் இலேசாகக் காலை இழுப்பவரும், வாசல்தோறும் உறைந்து நின்று அடிக்கடி விழுபவரும் பல ஆண்டுகள் ஒரே நடுப்படியில் தங்கிவிடுவார்கள். பின்னர் வந்த ஐந்து படி வடிவம் இதைப் பெரிதும் சரிசெய்தது. புதிதாகத் தொடங்குபவர் மூன்று படி வடிவத்தை எடுக்க, பழைய தரவோடு ஒப்பிட வேண்டிய கட்டாயத்தைத் தவிர வேறு காரணமில்லை. எந்த நாட்டின் மதிப்புத் தொகுப்பைக் கொண்டு கணக்கிட்டோம் என்று எழுதி வைக்கவும் மறக்கக் கூடாது. தொகுப்பை மாற்றினால் அதே விடைக்கு வேறு எண் வரும்.

36 கேள்விகள் கொண்ட எஸ்எஃப்-36 தாளும் இந்த வகைதான். நான்கு வார காலத்தை எட்டுப் பிரிவுகளில் கேட்கிறது. பொது மக்களோடு ஒப்பிட நல்லது. ஆனால் கடும் உழைப்பையும் மாடிப்படி ஏறுவதையும் பற்றிய அதன் கேள்விகள், நோய் முற்றியவரின் அன்றாடத்தில் வந்து நிற்பதில்லை.

## நாட்குறிப்பும் மணிக்கட்டுக் கருவியும்

மருந்தின் பலன் ஏறி இறங்குவதே முதன்மைச் சிக்கல் என்றால், மாதத்தைப் பற்றிய எந்தக் கேள்வியும் அதைச் சமன்படுத்தி மழுப்பிவிடும். 2000இல் வெளியான ஹவுசர் நாட்குறிப்பு நாளை 48 அரைமணிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உறக்கம், ஆஃப், விரும்பாமலே தானாக எழும் அசைவுகள் இல்லாத ஆன், தொல்லை தராத அத்தகைய அசைவுகளோடு ஆன், தொல்லை தரும் அசைவுகளோடு ஆன் என ஐந்தில் ஒன்றை நோயாளி குறிக்கிறார். மருந்தின் நேரத்தை மாற்றுவதற்கு இதைப்போல் உதவும் தாள் வேறில்லை: பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று வரை மூன்று நாட்களும் ‘ஆஃப்’ என்று இருந்தால், எந்த வேளையைத் தொட வேண்டும் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது.

அரைமணிக்கு ஒருமுறை குறிப்பது நோயாளியைக் களைக்க வைக்கும் என்பது இதன் விலை. ஒரே மையால், ஒரே அழுத்தத்தில், மடிப்பே இல்லாத தாளில் மூன்று நாட்களும் நிரம்பியிருந்தால் அது பெரும்பாலும் சந்திப்புக்கு முந்தைய இரவில் எழுதப்பட்டது. ‘ஆஃப்’ நிலையையும் நடுக்கத்தையும் வேறுபடுத்தத் தெரியாதவருக்கு முதலில் பயிற்சி தர வேண்டும். அதைத் தராமல் வாங்கும் நாட்குறிப்பு ஏமாற்றும்.

மணிக்கட்டில் கட்டும் உணரிகள் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. அசைவின் வேகத்தையும் விரும்பாமலே தானாக எழும் அசைவுகளையும் இரவும் பகலும் அவை பதிகின்றன. ஆனால் மனம் சோர்ந்து அசையாமல் அமர்ந்திருப்பதும், மருந்து தீர்ந்து அசைய முடியாமல் அமர்ந்திருப்பதும் உணரிக்கு ஏறக்குறைய ஒன்றே. நாட்குறிப்புக்குத் துணையாக வைக்கலாம். வாழ்க்கைத் தரத்தின் அளவாக ஏற்க முடியாது.

## நோயாளியே தலைப்புகளைத் தரும் முறை: சீகோல்

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் எது முக்கியம் என்பதைத் தாளே முடிவு செய்கிறது. டப்ளினில் உருவான சீகோல் அதைத் தலைகீழாக்குகிறது. தம் வாழ்க்கையில் மிக முக்கியமான ஐந்து பகுதிகளை நோயாளியே பெயரிடுகிறார். ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது என்று மதிப்பிடுகிறார். பின்னர் ஐந்து நிற வட்டுத் துண்டுகளை நகர்த்தி எதற்கு எவ்வளவு எடை என்று காட்டுகிறார். பேரக்குழந்தைகள், வழிபாடு, தோட்டம், நண்பர்கள் என்று ஐந்தும் நிரம்பி, நோய்க்கு இடமே இல்லாமல் போவதும் உண்டு.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இயக்க நரம்பணு நோயில் இந்த முறையால் அளந்தபோது உடல் வலிமை குறையக் குறைய மதிப்பெண்ணும் குறைந்தே தீரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மனிதர்கள் தம் எடைகளை மாற்றிக்கொள்கிறார்கள். அதனால்தான் இது தனி மனிதரைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்ததாகவும், இரண்டு மருந்துகளை ஒப்பிட மிக மோசமானதாகவும் இருக்கிறது. மருந்து பலனளித்ததா, அல்லது நோயாளி தம் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்டாரா என்று பிரித்தறிய வழியில்லை. நேர்காணல் செய்யத் தெரிந்த ஒருவரும் அமைதியான அறையும் தேவை. சிந்தனைத் திறன் மங்கியவர்களுக்கு எடை போடும் கட்டம் கடினம்.

## ஒரே பார்வையில்

| வழி | விடை தருபவர் | கேட்கும் காலம் | எங்கே வலிது | எங்கே இடறும் |
|---|---|---|---|---|
| எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ் | பரிசோதகர். சில பகுதிகளில் நோயாளி | பரிசோதனை நேரம். பிறவற்றுக்குக் கடந்த வாரம் | நோயின் தீவிரம் | பயிற்சி, அரை மணி நேரம் |
| பிடிக்யூ-39 | நோயாளி | கடந்த மாதம் | கூச்சம், மனநலம், நடமாட்டம் | தூக்கம் இல்லை. மொத்தக் குறியீட்டின் எடை |
| ஈக்யூ-5டி | நோயாளி | இன்று | பொருளாதாரக் கணக்கு | ஏற்ற இறக்கம் தெரியாது |
| நாட்குறிப்பு | நோயாளி | ஒவ்வோர் அரைமணியும் | மருந்து நேரத்தைச் சீராக்குதல் | களைப்பு, பின்னர் நிரப்புதல் |
| சீகோல் | நோயாளி, நேர்காணலில் | இப்போது | தனி மனிதரை அறிதல் | குழு ஒப்பீடு |

## யாருக்கு எது

வழக்கமான தொடர் கண்காணிப்பு நடத்தும் பிரிவுக்கு நான் பரிந்துரைப்பது, ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்யூ-39, இடைப்பட்ட சந்திப்புகளில் எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ் இரண்டாம் பகுதி. ஏற்ற இறக்கம் தொடங்கியவர்களுக்கு மட்டும், மருந்தை மாற்றுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கு நாட்குறிப்பு. எல்லாருக்கும் எல்லாத் தாளையும் கொடுக்கும் பிரிவுகளில் தாள்கள் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன, படிப்பவர் இல்லை.

ஆய்வு மாணவர் ஒரு சிகிச்சையின் பலனை நிறுவ வேண்டுமென்றால் பிடிக்யூ-39ஐ முதன்மையாகவும் ஈக்யூ-5டியின் ஐந்து படி வடிவத்தைத் துணையாகவும் வைக்கலாம். பிந்தையது சில நிமிடங்களே எடுக்கும், பிறகு யாராவது செலவுக் கணக்குக் கேட்டால் கையில் இருக்கும். இரண்டையும் மருந்து எடுத்து இத்தனை மணி நேரத்தில் நிரப்ப வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். அனுமதியையும் தொடக்கத்திலேயே பெற்றுவிட வேண்டும். இந்தத் தாள்களுக்கு உரிமையாளர்கள் உண்டு, வணிக நோக்கிலான பயன்பாட்டுக்குக் கட்டணமும் உண்டு.

இயன்முறை சிகிச்சையில் ஒரு குறிப்பிட்ட இலக்கை நோக்கி உழைப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. 1968 முதல் மனநலத் துறையிலும் பின்னர் மறுவாழ்விலும் பயன்படும் இலக்கு எட்டும் அளவீடு அவர்களுக்கு ஏற்றது: ‘உதவியின்றிக் குளியலறை வரை செல்வது’ போன்ற ஓர் இலக்கை முன்கூட்டியே எழுதி, எதிர்பார்த்ததை எட்டினால் 0, மிஞ்சினால் +2 வரை, குறைந்தால் -2 வரை இடுவது.

தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), வலிப்பு, பக்கவாதம் எனப் பல நோய்களையும் ஒரே பிரிவில் பார்ப்பவர்கள் வேறொரு சிக்கலில் இருக்கிறார்கள். தண்டுவட மரப்பு நோய்க்கு 20 உடல் சார்ந்த கேள்விகளும் 9 மனம் சார்ந்த கேள்விகளும் கொண்ட எம்எஸ்ஐஎஸ்-29, வலிப்புக்கு க்யூஓஎல்ஐஇ-31 என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள் வைத்தால் நோய்களுக்கிடையே ஒப்பிட முடியாது. அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நிறுவனமான என்ஐஎன்டிஎஸ்ஸின் ஆதரவில் உருவான நியூரோ-க்வால் என்ற கேள்வித் தொகுப்பு, பல நரம்பு நோய்களுக்கும் பொதுவாக, இந்த இடைவெளிக்காகவே எழுதப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை 50 என வைத்துக் கணக்கிடுவதால் விடைகளைப் படிப்பதும் எளிது. கணினியில் நிரப்பும் வசதி இல்லாத இடங்களில் அதன் பாதிப் பயன் போய்விடும்.

மறதி நோய் சேர்ந்துவிட்டவர்களுக்கு வேறொருவர் விடை தர வேண்டியிருக்கும். நடமாட்டம், உடுத்துவது போன்ற கண்ணுக்குத் தெரியும் பகுதிகளில் உடனிருப்பவரின் விடை நோயாளியினுடையதோடு ஓரளவு ஒத்துப்போகிறது; மனநலத்திலும் கூச்சத்திலும் விலகுகிறது, பொதுவாக நோயாளி சொல்வதை விட மோசமாகவே உடனிருப்பவர் மதிப்பிடுகிறார். அவருடைய களைப்பும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. ஆகவே, விடை யாருடையது என்று தாளின் தலைப்பிலேயே குறித்து, ஒரு நோயாளியின் தொடர் பதிவில் இரண்டையும் கலக்காமல், நிலைமை மாறும் கட்டத்தில் ஓரிரு சந்திப்புகளுக்கு இருவரிடமும் தனித்தனியாக வாங்கி வைக்க வேண்டும். பிந்தைய ஆண்டுகளில் வரும் இறக்கத்தில் எவ்வளவு நோயினுடையது, எவ்வளவு விடை தருபவர் மாறியதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த இரட்டைப் பதிவு மட்டுமே உதவும்.